பச்சைக்கு வராத பின்சக்கரம்

வைரவனைப் பற்றி எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். மூன்று முறையும் அவருடைய பெருமையை விரிவாக எழுதி, என் சிறுமையை அதற்குள் ஒளித்துவைக்கப் பார்த்தேன். என் மனைவி நீலா படித்துவிட்டு, "எல்லாம் சரி, இதுல நீங்க எங்க?" என்று கேட்டாள். அதனால் இந்த முறை என்னையும் சேர்த்தே எழுதுகிறேன். படிக்க அவ்வளவு நன்றாக இருக்காது.

வைரவனுக்கு வயது முப்பத்தெட்டு. சிவகங்கை மாவட்டம், காளையார்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு ஊர். மனைவி பானுமதி, மகள் கனகா, ஏழாம் வகுப்பு. ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஷார்ஜாவுக்கு வந்தவர், முவைலா என்கிற பகுதிக்குப் பின்னால் வொர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கிற தெருவில் ஒரு டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் எட்டு வருஷம் டயர் கழற்றி மாட்டுகிற வேலை. அது கடைக்கு வெளியே, வெயிலில். ஜூலை மாதம் அங்கே நட்டைக் கையால் தொட முடியாது. உள்ளே கூரைக்குக் கீழே, மின்விசிறி ஓடுகிற இடத்தில் இருந்தது அலைன்மென்ட் மிஷின். அதை ஒரு பிலிப்பைன்ஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஊருக்குப் போய்த் திரும்பாதபோது, "நான் பாக்குறேன் பாய்" என்று வைரவன் போய் நின்றார். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் மிஷின் திரையில் வருகிற குறிப்புகளைப் படித்துப் படித்து அவரே பழகிக்கொண்டது.

காரின் நான்கு சக்கரங்களும் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று அளந்து சரிசெய்வதுதான் அலைன்மென்ட். கோணல் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு சக்கரம் இம்மியளவு திரும்பியிருந்தாலும் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். மிஷின் திரையில் சரியான அளவு பச்சையாகவும் தவறான அளவு சிவப்பாகவும் தெரியும். கடைசியில் ஒரு தாள் அச்சாகி வரும். என்னைப் போன்றவர்கள் அந்தத் தாளைத்தான் நம்புவோம்.

இங்கே குளிர்காலம் என்றால் வெயில் கொஞ்சம் லீவு போட்டிருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான். ஆனால் அந்த நான்கு மாதத்தில்தான் ஊரே வெளியே கிளம்பும். மணல்மேடு, மலைப்பாதை, வாதி என்று வார இறுதி தோறும் போவார்கள். வாதி என்பது மழை பெய்தால் ஆறு, மற்ற நாளில் கல்லும் குழியுமாகக் கிடக்கிற தடம். போய்விட்டுத் திங்கட்கிழமை எல்லோரும் வைரவன் முன்னால் வந்து நிற்பார்கள். அவர் மிஷினைத் தொடுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்பார்.

"வாதிக்குப் போனீகளா? மலைக்குப் போனீகளா? எங்குட்டாச்சும் இடிச்சீகளா?"

பதில் வாங்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையால் டயரை முன்னும் பின்னுமாகத் தடவுவார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சுரசுரப்பாகவும் இருந்தால் முகம் மாறும். பிறகு டார்ச்சோடு வண்டிக்கு அடியில் போவார். மிஷின் கடைசியில்தான். "எதுக்கு இவ்வளவு விசாரணை? மிஷினே சொல்லிடுமே" என்று ஒருமுறை கேட்டேன்.

"மிஷினு கோணத்தத்தான் சொல்லும் சார். காரணத்த வண்டிக்காரருதான் சொல்லணும்" என்றார்.

அவரிடம் டிரைவிங் லைசென்ஸ் கிடையாது. அதனால் சரிசெய்த பிறகு வண்டிக்காரரே ஓட்ட வேண்டும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். பள்ளிக்கூடங்கள் இருக்கிற நேர்ச் சாலையில் போகும்போது, "கைய எடுங்க சார்" என்பார். நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுப்பேன். வண்டி இழுக்காமல் போனால் தலையாட்டுவார். என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. கண் எப்போதும் ஸ்டீயரிங் மேல்தான். அந்த மூன்று கிலோமீட்டருக்குள் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். ஐந்து குளிர்காலம் இப்படிப் போனது.

போன டிசம்பரில் அப்படிப் போனபோது, வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார்.

"பிப்ரவரியில கார்டு புதுப்பிக்கிறாக சார். இன்னும் ஹெல்ப்பர்னுதான் போட்டிருக்கு. இந்தத் தடவ டெக்னீஷியன்னு மாத்தித் தர்றேன்னு மஹ்மூது பாய் சொல்லியிருக்காரு. அது வந்துருச்சுன்னா லைசென்ஸ் எடுத்துரலாம். வேற கம்பெனிக்குப் போனாலும் டெக்னீஷியனாத்தான் போவேன்."

மஹ்மூது அந்தக் கடையின் மேனேஜர், சிரியாக்காரர். கார்டு என்பது வேலை அனுமதி அட்டை. ஒருமுறை அடித்தால் இரண்டு வருஷத்துக்கு அதில் இருக்கிற பெயர்தான். "நல்ல செய்தி வைரவன், ட்ரீட் உண்டா?" என்று நான் கேட்டேன். கேட்டது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்குத் தெரியாது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ள வழியில்லை.

இப்போது என்னைப் பற்றி. பெயர் அனந்தகிருஷ்ணன், சொந்த ஊர் திருச்சி. ஜெபல் அலியில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி ஆடிட்டர். அதாவது, எங்கே தவறு நடந்தது, யார் மறைத்தார்கள் என்று கண்டுபிடித்து அறிக்கை எழுதுகிற வேலை. இதைவிடப் பொருத்தமாக யாராவது கதை கட்டினால் நானே நம்பமாட்டேன்.

எங்கள் கட்டடத்துத் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்றும் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கலுக்கு அடுத்து வருகிற சனிக்கிழமை ஒரு வாதிக்குப் போய்ப் பொங்கல் வைப்போம். பால்கனியில் அடுப்பு மூட்டினால் செக்யூரிட்டி ஓடிவந்துவிடுவார், அதனால் இந்த ஏற்பாடு. கேஸ் அடுப்பைச் சுற்றிச் சாஸ்திரத்துக்கு மூன்று செங்கல். காரின் மேல் கரும்பு. முன்னால் விஜயபாஸ்கரின் வண்டி போகும், அது நிஜமான மலை வண்டி. என்னுடையது வெளியே பார்த்தால் ஜீப், உள்ளே சாதாரணக் கார். "அனந்து சார், உங்க வண்டி மால் பார்க்கிங்குக்குத்தான் லாயக்கு" என்று அவர் இந்த வருஷமும் எல்லோர் முன்னாலும் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றது.

நீலா சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வேறு காரில் வந்தாள். என்னோடு இருந்தது மகள் மஹதி மட்டும், பன்னிரண்டு வயது. பின்னால் பொங்கல் பானை. "பாஸ்கர் பின்னாடியே வாங்க, முன்னாடி போகாதீங்க" என்று நீலா கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். வாதிக்குள் இறங்கியதும் விஜயபாஸ்கர் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார். நான் அவருக்கு முன்னால் போய் நிற்க வேண்டும் என்று நேராகக் குறுக்கே விட்டேன். முன்சக்கரம் தாண்டிவிட்டது. பின்சக்கரம் குழியில் இறங்க, அடியில் கல் மோதி டங்கென்று ஒரு சத்தம். பானை உருண்டது. மஹதி, "அப்பா, வாட் வாஸ் தட்?" என்றாள்.

"ஒண்ணுமில்லடா. கல்லு. அம்மாகிட்ட சொல்லாத, நல்ல நாளும் அதுவுமா."

அவள் சரி என்று தலையாட்டினாள். பொங்கல் நன்றாகப் பொங்கியது. நான் எல்லோரையும்விடச் சத்தமாகப் பொங்கலோ பொங்கல் சொன்னேன்.

இரண்டு வாரத்தில் நீலா கண்டுபிடித்தாள். வண்டி நேராகப் போகும்போது ஸ்டீயரிங் கோணலாக நின்றது. சனிக்கிழமை மூன்று பேருமாக வைரவனிடம் போனோம். அவர் வழக்கம்போல் மூன்று கேள்வி கேட்டார். வாதிக்குப் போனோம் என்று நீலாவே சொன்னாள். மூன்றாவது கேள்விக்கு அவளும் என்னைத்தான் பார்த்தாள்.

"இல்லையே, எங்கயும் இடிக்கல" என்றேன்.

மஹதி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வைரவன் வண்டியை மேலே ஏற்றி டார்ச்சோடு அடியில் போனார். வெகுநேரம் வரவில்லை. பிறகு மிஷினைப் போட்டு அளந்தார். அளந்து முடித்ததும் என்னைப் பார்க்காமல், மஹதியை ஒருமுறை பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"சார், பின்னாடி எடதுபக்கம் பச்சைக்கி வரமாட்டேங்குது. கீழ சக்கரத்தப் புடிச்சிருக்கிற ஒரு ஆர்ம் வளைஞ்சிருக்கு, அத மாத்தணும். மாத்தாம சும்மா திருகிவிட்டா ரெண்டு மாசத்துல டயரு போயிரும். எங்குட்டாச்சும் பட்டிருக்கும் சார், மறந்திருப்பீக. நெதானமா யோசிச்சுப் பாருங்க."

மறந்திருப்பீர்கள் என்றார். தப்பிக்க ஒரு வழியைத் தட்டில் வைத்து நீட்டினார். ஆமாம், ஞாபகம் வருகிறது, ஒரு கல் என்று சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்தது. நீலா வீட்டுக்குப் போகும் வழியில் நாலு வார்த்தை சொல்லியிருப்பாள். ஆனால் அவள் உடனே, "இடிச்சீங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் எனக்கு விஜயபாஸ்கரின் சிரிப்பு கேட்டது. கோபம் வந்துவிட்டது. தப்பு செய்தவனுக்கு வருகிற கோபம் எப்போதும் கொஞ்சம் சத்தமாகத்தான் வரும்.

நேரே மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போய், கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, மஹ்மூதிடம் ஆங்கிலத்தில் பேசினேன். நல்ல ஆங்கிலம், ஆடிட் ஆங்கிலம். உங்கள் ஆள் எனக்குத் தேவையில்லாத பார்ட்ஸ் விற்கப் பார்க்கிறார், ஒரே மொழிக்காரன் என்பதால் நான் ஏமாந்துவிடுவேன் என்று நினைக்கிறார் என்றேன். காத்திருந்த மற்ற கஸ்டமர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மஹ்மூது வைரவனைக் கூப்பிட்டு, வண்டி எங்கேயாவது இடிபட்டதா என்று இந்தியில் கேட்டார்.

வைரவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "கஸ்டமர் நஹி போலா, பாய்" என்றார். இடிபடவில்லை என்று கஸ்டமர் சொன்னார் என்று பொருள். அவ்வளவுதான் அவர் தன் தரப்பில் சொன்னது.

மஹ்மூது மன்னிப்புக் கேட்டு, இன்ஷா என்ற இன்னொருவரை மிஷினுக்கு அனுப்பினார். இன்ஷா திரையில் வேறு ஏதோ வண்டியின் மாடலைத் தேர்ந்தெடுத்தார். அந்த மாடலுக்கு எங்கள் கோணல் கோணலே இல்லை போலிருக்கிறது. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் பச்சை. எனக்கு அது தெரிந்தது. தினமும் இந்த மாதிரித் தாள்களைக் கண்டுபிடிப்பதுதானே என் பிழைப்பு. ஆனாலும் வாங்கி, நீலாவிடம் நீட்டி, "பாத்தியா?" என்றேன். போதாததற்கு வீட்டுக்கு வந்ததும் இணையத்தில் அந்தக் கடைக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்து, தமிழ் டெக்னீஷியனிடம் ஜாக்கிரதை என்று எழுதினேன். டெக்னீஷியன் என்ற பட்டத்தை அவருக்கு முதலில் எழுத்தில் கொடுத்தது நான்தான்.

பிறகு அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. மஹதி அதைப் பற்றிப் பேசவில்லை. முன்னெல்லாம் பள்ளிக்குப் போகும்போது முன்சீட்டில் உட்காருவேன் என்று அடம்பிடிப்பவள், பின்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயம்.

ஏப்ரலில் வருஷாந்திரச் சோதனை வந்தது. பாஸிங் என்போம் இங்கே. வண்டி சரியாக இருந்தால்தான் பதிவு புதுப்பிப்பார்கள். பாட்டு வகுப்பிலிருந்து மஹதியைக் கூட்டிக்கொண்டு அப்படியே போனேன். சோதனை செய்கிறவர் பின்பக்க இடது டயருக்குள் கையை விட்டுத் தடவினார். வைரவன் தடவுகிற அதே மாதிரி. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே பார்த்தால் நல்ல டயர். உள்விளிம்பில் ரப்பர் போய்க் கம்பி தெரிந்தது. அந்த டயரோடு பத்து வாரமாக, தினமும் நூற்றிருபது வேகத்தில் ஜெபல் அலிக்கும், குழந்தையை வைத்துக்கொண்டு பள்ளிக்கும் போய் வந்திருக்கிறேன். ஃபெயில் என்று எழுதிக் கொடுத்தார்.

காரில் ஏறியதும் மஹதி சொன்னாள், "இட்ஸ் தட் ஸ்டோன், அப்பா." கொஞ்சம் நேரம் கழித்து, "அந்த அங்கிள் கரெக்டா சொன்னாங்க" என்று தமிழில் சொன்னாள்.

நான் வண்டியை முவைலாவுக்குத் திருப்பினேன். அவள் சொல்லாவிட்டால் வேறு கடைக்குத்தான் போயிருப்பேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வைரவன் வெளியே இருந்தார். வெயிலில், டயர் கழற்றுகிற இடத்தில். தலையில் ஈரத்துண்டு. என் வண்டியைப் பார்த்ததும் எந்த முகமாற்றமும் இல்லாமல் ஜாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார். நான் நாசமாக்கின டயரைக் கழற்ற வேண்டிய ஆளும் அவர்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழற்றினார். உள்விளிம்பைத் தடவினார்.

நான் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "வைரவன், அன்னைக்கு நான் பொய் சொன்னேன். வாதியில கல்லுல இடிச்சேன். உங்கமேல பழி போட்டது தப்பு. மன்னிச்சிடுங்க" என்றேன்.

அவர் புது டயரை உருட்டிக்கொண்டு வந்தார். மாட்டினார். பிறகுதான் பேசினார்.

"அன்னைக்கி இங்கிலீஷ்ல சொன்னீக சார். கதவத் தொறந்து வச்சுக்கிட்டு சொன்னீக. கம்ப்யூட்டர்லயும் இங்கிலீஷ்லதான் எழுதுனீக, அத மொதலாளி வரைக்கும் படிச்சாக. இன்னைக்கி மட்டும் எங்கிட்ட தமிழ்ல, காதோட சொல்றீக."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். நான் யாரிடம் பழி சொன்னேனோ அவரிடம் போகாமல், பழி சுமந்தவரிடமே வந்து பாரத்தை இறக்கி வைக்கப் பார்த்திருக்கிறேன். அதுவும் அவரைத் தவிர அந்தக் கடையில் வேறு யாருக்கும் புரியாத மொழியில்.

கண்ணாடி அறைக்குப் போனேன். மூன்று கஸ்டமர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கதவைத் திறந்தே வைத்துக்கொண்டு, மஹ்மூதிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். நான் பொய் சொன்னேன், வண்டி இடிபட்டது, உங்கள் டெக்னீஷியன் சொன்னது சரி, இன்ஷா கொடுத்த தாள் தவறு. இந்தத் தடவை ஆடிட் ஆங்கிலம் வரவில்லை. வார்த்தைக்கு வார்த்தை தடுக்கியது. போனை எடுத்து அந்த ஒற்றை நட்சத்திரத்தை அவர் கண்முன்னால் அழித்து, நடந்ததை எழுதிப் போட்டேன்.

மஹ்மூது கோபப்படவில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சார், முதலாளி உங்கள் எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் டெக்னீஷியன் வேண்டாம் என்றார். பிப்ரவரியிலேயே ஹெல்ப்பர் என்று கார்டு அடித்தாகிவிட்டது. இனி இரண்டு வருஷம். கலாஸ், முடிந்தது" என்றார். மிஷினுக்கு வேண்டுமானால் அவரைத் திரும்ப அனுப்பலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அதைச் சொல்லும்போதே அவர் கண் அடுத்த கஸ்டமரிடம் போய்விட்டது.

வெளியே வந்தேன். மஹதி காரிலிருந்து இறங்கி, வைரவன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்" என்றேன்.

"கேட்டுச்சு சார்."

"கார்டு..."

"தெரியும் சார். அந்த ஆர்ம மாத்தச் சொல்லுங்க. பச்சைய மட்டும் பாத்துட்டுப் போயிராதீக."

அத்தோடு போயிருக்கலாம். எனக்கு இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. "அன்னைக்கே அடியில போய்ப் பாத்தீங்களே, கல்லு பட்ட தடம் தெரிஞ்சிருக்குமே. மஹ்மூதைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தா நான்தானே மாட்டியிருப்பேன். ஏன் காட்டல?"

வைரவன் நட்டை முறுக்கிக்கொண்டே சொன்னார். "தடம் நல்லாத் தெரிஞ்சுச்சு சார். ஆனா பாப்பா நின்னுச்சே. ஒங்கப்பா பொய் சொல்றாருன்னு ஒரு பொம்பளப்புள்ளைக்கி முன்னாடி எப்பிடிச் சொல்றது? எங்க கனகாவுக்கும் இதே வயசுதான். என்னையப் பத்தி அதுக்கு முன்னாடி யாராச்சும் சொன்னா தாங்குமா? அதான் போகட்டும்னு விட்டுட்டேன்."

எனக்கு முன்னால் மஹதி பேசிவிட்டாள். அவளுடைய நிறுத்தி நிறுத்திப் பேசுகிற தமிழில், மெதுவாகத்தான் சொன்னாள்.

"எனக்கு அப்பவே தெரியும் அங்கிள். நான் கார்லதான் இருந்தேன். அப்பா சொல்லாதன்னு சொன்னாங்க."

வைரவனின் கை நட்டின் மேல் நின்றுவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக, வெகுநேரம் பார்த்தார். இந்தக் குழந்தையின் கண்ணில் நான் தாழ்ந்துவிடக்கூடாது என்பதற்காகத் தன் கார்டை விட்டுக்கொடுத்தவர். அங்கே காப்பாற்ற ஒன்றுமே இருக்கவில்லை என்று இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் மறுபடி குனிந்து கடைசி நட்டை முறுக்கினார். ஜாக்கியை இறக்கினார்.

"வண்டிய எடுங்க சார்" என்றார். "பின்னாடி ஆள் நிக்கிது."